நடுவில் நிற்பவனின் சத்தம்

ஒஸ்மெல் ஆசானைத் தேடி வந்தபோது எவாரிஸ்தோ ஆடுகளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஆசானே, நான் முடிஞ்சுபோயிட்டேனா?"

"சாப்பிட்டியா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"வெறும் வயித்துல கேக்கிற கேள்வியா அது?"

ஒஸ்மெல் சிரிக்கவில்லை. சிரித்து நாளாகியிருந்தது.

கியூபாவில் ஒரு சர்க்கரை ஆலை ஊரில் இதே எவாரிஸ்தோவிடம்தான் அவன் பேஸ்பால் கற்றான். நாட்டின் அணிக்கு ஆடினான். ஒரு போட்டிக்காக வெளிநாடு போனவன், விடுதியின் பின்வாசல் வழியாக நடந்து போய், திரும்பவேயில்லை. அமெரிக்காவில் பெரிய ஒப்பந்தம் கிடைத்தது. அப்புறம் சின்ன ஒப்பந்தம். அப்புறம் அதுவும் இல்லை. அம்மா இறந்த செய்தி பேருந்தில் போகும்போது வந்தது. ஓடிவந்தவனை நாட்டுக்குள் விடமாட்டார்கள் என்பதால் ஊருக்குப் போக வழியில்லை. அடுத்த ஊரில் இறங்கி ஆடினான். இப்போது நாற்பதை நெருங்கும் வயதில், மெக்சிகோவில் ஒரு துறைமுக ஊரின் அணியில் இருக்கிறான். எவாரிஸ்தோவும் வயதான காலத்தில் இதே அணிக்குப் பயிற்சி கொடுக்க வந்து சேர்ந்திருந்தார். நாடு மாறியது, சட்டை மாறியது, மனைவிகூட மாறினாள். ஆடுகளத்தில் அவன் நிற்கும் இடம் மட்டும் மாறவில்லை.

ஆடுகளத்தின் கோடியில் மூன்று பேர் நிற்பார்கள். அவன் நடுவில். உயரே எழுந்த பந்துக்கு இரண்டு பேர் ஓடினால் மோதிக்கொள்வார்கள். அதனால் நடுவில் நிற்பவன் "என்னுது!" என்று கத்திவிட்டால் மற்றவர்கள் அப்படியே நின்றுவிட வேண்டும். அதுதான் முறை.

நேற்றும் கத்தினான். இடது பக்கம் நின்ற ஃபிடென்சியோ நின்றுவிட்டான். ஒஸ்மெலின் கால்கள் போய்ச் சேரவில்லை. பந்து இருவருக்கும் நடுவே விழுந்தது, ஆட்டம் போயிற்று. கூட்டம் ஃபிடென்சியோவைத்தான் திட்டியது. "தூங்குமூஞ்சி! தலையணை கொண்டுவரட்டுமா?" ஒஸ்மெல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பேசாமல் நின்றான்.

"நடுவை விட்டு இடது பக்கம் போகணுமாம். இல்லேன்னா பெட்டியைக் கட்டணுமாம். சாயங்காலத்துக்குள்ள மேலாளருக்குச் சொல்லணும்."

"இடது பக்கமும் அதே புல்லுதானேப்பா."

"எனக்குன்னு மிஞ்சியிருக்கிறது அந்த ஒரு இடந்தான் ஆசானே. அதையும் குடுத்துட்டா நான் யாரு?"

எவாரிஸ்தோ தைலத்தை மூடினார். தூரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஃபிடென்சியோவைக் கூப்பிட்டு, கையில் மட்டையைக் கொடுத்தார்.

"எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உயர அடி."

"உங்களுக்குமா?" என்றான் ஃபிடென்சியோ.

"ஏன், என் கால் உன்கிட்ட ஏதாச்சும் சொல்லிச்சா?"

அவர் ஒரு கையுறையை மாட்டிக்கொண்டு, நொண்டியபடி இடது பக்கம் போய் நின்றார். ஒஸ்மெல் தன் இடத்தில் நின்றான்.

பந்து எழுந்தது. "என்னுது!" என்று கத்திக்கொண்டே ஓடினான். எவாரிஸ்தோ நின்றுவிட்டார். பந்து அவருக்கு முன்னால் விழுந்து உருண்டது.

"காலடியில விழுது. ஏன் பிடிக்கல?"

"நீ கத்தினியே."

அடுத்த பந்தும் அப்படியே. அதற்கடுத்ததற்கு வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் நின்றான். பந்து மேலே போனதும் தொண்டை தானாகக் கத்திவிட்டது.

ஒஸ்மெல் முழங்கால்களில் கைகளை ஊன்றிக் குனிந்தான். மூச்சு வாங்கியது. "நீங்கதானே கத்தச் சொல்லிக் குடுத்தீங்க?"

"ஆமா. அப்ப உன் கால் உன் சத்தத்துக்கு முன்னால போய் நின்னுச்சு."

மறுபடி பந்து எழுந்தது. ஒஸ்மெல் பற்களைக் கடித்துக்கொண்டான். கால்கள் பரபரத்தன. சத்தம் வரவில்லை.

"என்னுது!"

கரகரத்த குரல். எவாரிஸ்தோ ஒரு காலை இழுத்துக்கொண்டு ஓடினார், தொப்பி பறந்தது. பந்து அவருடைய கையுறையின் நுனியில் பட்டுத் தெறித்தது. அவர் புல்லில் குப்புற விழுந்தார்.

ஒஸ்மெல் ஓடிப்போய்த் தூக்கி உட்கார வைத்தான். தன்னை மீறிச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீங்களும் விட்டுட்டீங்களே ஆசானே!"

எவாரிஸ்தோ வாயிலிருந்த புல்லைத் துப்பினார்.

"விட்டேன். விடுறதுக்காவது எனக்கு ஒரு பந்து கிடைச்சுதே."

ஒஸ்மெலின் சிரிப்பு நின்றது. பிறகு எழுந்து, மட்டையோடு நின்ற ஃபிடென்சியோவைப் பார்த்து, நடுவுக்கு வா என்று கையசைத்தான்.

ஃபிடென்சியோ தன் நெஞ்சில் விரலை வைத்து, நானா என்பதுபோல் பார்த்தான்.

ஒஸ்மெல் இடது பக்கம் நடக்கத் தொடங்கினான்.