மூன்று டம்ளர் வெந்நீர்

கோத்தகிரிக்கு மேலே, துரைமார் காலத்துப் பழைய பங்களா ஒன்றில் ஞானாம்பாள் அம்மாளின் ஆசிரமம் இருந்தது. அம்மாளுக்கு வயது நாற்பத்தைந்து. அவருடைய சீடர் திருவேங்கடத்துக்கு அறுபத்து மூன்று. பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அமைதி தேடி வந்தவர், அளக்கிற டேப்பையும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

சமையலறைக்கு மேலே, தகரக் கூரையின் அடியில் ஒரு மச்சறை. சமையல் செய்யும் கெம்பம்மா அதில்தான் படுப்பாள். கூரைக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் இடுக்கு. பனிக்காலத்தில் அதன் வழியாக வரும் காற்றில் அவளுக்கு இருமல் பிடித்தால் பங்குனி வரை விடாது.

"மார்கழிக்குள்ள அந்த அறைக்கு ஏதாவது செய்யணும்," என்றார் அம்மாள்.

திருவேங்கடம் அதைத் தவமாக எடுத்துக்கொண்டார். கோயம்புத்தூருக்குப் போய்க் குளிர் இறங்காமல் கூரைக்கு அடியில் வைக்கிற சாமான் மூன்று வாங்கி வந்தார். ஒன்று தெர்மாகோல் பலகை, ஒன்று கண்ணாடி இழைப் பஞ்சு, ஒன்று தென்னை நார்ப் பாய். மூன்று கடைக்காரர்களும் தங்களுடையதுதான் உசத்தி என்று சத்தியம் செய்திருந்தார்கள்.

"இதுல எதும்மா நல்லது?"

அம்மாள் மூன்றையும் தொட்டுப் பார்த்தார். கெம்பம்மாவைக் கூப்பிட்டு மூன்று டம்ளரில் வெந்நீர் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொரு டம்ளரையும் ஒவ்வொரு சாமானால் சுற்றிலும் மூடி, வெளியே மதில்மேல் வைத்தார். பிறகு தியானத்துக்கு உட்கார்ந்துவிட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து எழுந்தார். "தொட்டுப் பாருங்க."

நாருக்குள் இருந்தது ஆறிப்போயிருந்தது. தெர்மாகோலுக்குள் இருந்தது வெதுவெதுப்பு. கண்ணாடிப் பஞ்சுக்குள் இருந்த டம்ளர் இன்னும் விரலைச் சுட்டது.

திருவேங்கடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "மூணு கடைக்காரனும் மணிக்கணக்கா பேசினான். நீங்க வாயே திறக்கலை."

அம்மாள் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, அதை மறைப்பானேன்.

கெம்பம்மா டம்ளர்களை எடுக்க வந்தாள். "ஏனுங்க சாமி, அந்த இடுக்கையும் அடைச்சிருவீங்களா?"

"எறும்புகூட நுழையாது. நீ கவலையே படாதே," என்றார் திருவேங்கடம்.

"இல்லீங்க..." என்று இழுத்தாள்.

திருவேங்கடம் அதற்குள் நோட்டில் கூரையின் நீள அகலத்தை எழுதத் தொடங்கியிருந்தார். அவள் சற்று நின்று பார்த்துவிட்டு டம்ளர்களோடு உள்ளே போனாள்.

வேலை பத்து நாள் நடந்தது. கூரைக்கு அடியில் பஞ்சைத் திணித்துப் பலகை அடித்தார்கள். இடுக்கெல்லாம் பூசி மெழுகினார்கள். கதவு விளிம்பிலும் ஜன்னல் விளிம்பிலும் திருவேங்கடமே தன் கையால் ரப்பர் ஒட்டினார். வருகிற போகிறவர்களிடம் எல்லாம் மூன்று டம்ளர் கதையைச் சொன்னார். கேட்டவர்கள் தலையாட்டி ரசித்தார்கள். கதை ஊட்டி வரைக்கும் போயிற்று.

மார்கழி நாலாம் தேதி, ஆறு மணிக்கு வரவேண்டிய காப்பி வரவில்லை. ஏழுக்கும் வரவில்லை. திருவேங்கடம் படியேறிப் போய்க் கதவைத் தள்ளினார். ரப்பர் ஒட்டிய கதவு, தோள் கொடுத்துத் தள்ளத்தான் திறந்தது.

கெம்பம்மா கம்பளிக்குள் சுருண்டு படுத்திருந்தாள். உடம்பு விறைத்திருந்தது. கால்மாட்டில் ஒரு மண் சட்டி, அதில் எரிந்து முடிந்த கரியின் சாம்பல்.

டாக்டர் சட்டியைப் பார்த்தார், பிறகு சுவரைச் சுற்றிப் பார்த்தார். "கரி எரியறப்ப வர்ற விஷ வாயு. கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. ஒரு சின்ன இடுக்கு இருந்திருந்தாலும் வெளியே போயிருக்கும்."

தாளவாடியிலிருந்து அவள் மகன் வந்தான். அடக்கம் முடிந்ததும் திருவேங்கடத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"கங்குச் சட்டி இல்லாம அம்மாவுக்குத் தூக்கம் வராதுங்க. சின்ன வயசுப் பழக்கம். எத்தனை பனியானாலும் இத்தனை வருசம் ஒண்ணும் ஆனதில்லை. விதிங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நல்ல ரூம் பண்ணிக் குடுத்திருக்காங்கன்னு போன்ல சொல்லுச்சுங்க."

திருவேங்கடத்தால் கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை.

பதினாறாம் நாள் காலையில் வெளியே புல்லெல்லாம் வெளுக்கும்படி உறைபனி. அவர் மச்சறைக்குப் போய் அவள் படுத்த இடத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் சால்வையைக் கழற்ற வேண்டியதாகிவிட்டது. கீழே எரிந்த அடுப்பின் சூடு அப்படியே தங்கியிருந்தது. அவளுக்குச் சட்டியே தேவைப்பட்டிருக்காது. அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. அறுபத்து மூன்று வயது மனிதர் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார்.

பிறகு இறங்கி வந்து அம்மாளின் முன்னால் நின்றார்.

"அவ சட்டி கொண்டுபோறது எனக்குத் தெரியாதும்மா. ஏழு மணிக்கே கதவைச் சாத்திட்டுப் படுத்துடறேன். உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எத்தனை நாளா?"

"பதினோரு வருஷமா. தினமும் என் அறையைத் தாண்டித்தான் எடுத்துட்டுப் போவா."

திருவேங்கடம் குருவிடம் குரலை உயர்த்தியது அன்றைக்குத்தான். "அப்ப ஏன் என்கிட்ட சொல்லலை?"

அம்மாள் மதிலைப் பார்த்தார். அன்று டம்ளர் வைத்திருந்த இடத்தில் இப்போது பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

"எது நல்லதுன்னு கேட்டீங்க. நானும் அதுக்கு மட்டும்தான் பதில் சொன்னேன். வெந்நீர் கொண்டுவந்தவ நம்ம பக்கத்துலயேதான் நின்னுட்டு இருந்தா."