சிலுவையும் சாய்ந்த பனையும்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் பிரகாசியம்மாள். வலைக் கம்பெனியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். என் கடைசி மகன் கைப்பிள்ளையாக இருந்த வருஷம், தவக்காலத்து வெள்ளிக்கிழமை அது. இரண்டு பேரும் ஒருசந்தி நோன்பு இருந்ததால் வயிறு காய்ந்து, கை தளர்ந்து போயிருந்தது. கண் சொக்காமல் இருக்க ஒரு கதை சொல்கிறேன், பதிலை நீ சொல்லு என்றார்.

இராமநாதபுரத்துக் கரையில், தீவுகளுக்கு எதிரே ஓர் ஊர். வழி காட்டும் கருவியெல்லாம் வராத காலம். கடலுக்கடியில் பவளப்பாறை மேடாக வளர்ந்த இடத்துக்குப் 'பார்' என்று பேர். மீன் அங்கேதான் அடையும். மேலே பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர்தான். அதனால் கரையில் இரண்டு அடையாளம் வைத்துக்கொள்வார்கள். அவை ஒன்றுக்குப் பின் ஒன்றாக நேரே தெரியும்படி வள்ளத்தை விட்டால் வழி தப்பாது.

அந்த ஊர்ச் சந்தியாகுவும், அவன் மனைவி மிக்கேலம்மாளின் தம்பி இஞ்ஞாசியும் யாருக்கும் தெரியாத ஒரு பாரைக் கண்டார்கள். பெரிய படகுகள் கடலை அரித்துவிட்டுப் போன வருஷங்கள் அவை. ஊரே வெறுங்கூடையோடு திரும்பும்போது இவர்கள் மட்டும் விளமீனும் களவாவும் கொண்டு வந்தார்கள். வழியை இன்னொரு உயிருக்குச் சொல்வதில்லை, பெண்டாட்டிக்கும் சொல்வதில்லை என்று அந்தோனியார் பீடத்தில் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தார்கள்.

இயந்திர வள்ளம் வைத்திருந்த கஸ்பார் சீண்டிப் பார்ப்பான். "என்ன மச்சான், மோட்சத்துச் சம்மனசு வந்து தூண்டில்ல மீன மாட்டிவிட்டுட்டுப் போகுதோ?" என்பான். சந்தியாகு சிரித்துக்கொண்டே போய்விடுவான்.

மிக்கேலம்மாள் எதையும் கேட்டதில்லை. ஆனால் வீட்டின் மேல் ஒரு பனை சாய்ந்து நின்றது. மட்டை விழுந்து விழுந்து ஓடு உடைந்தது. வெட்டிவிடலாம் என்று வருஷா வருஷம் சொல்வாள். அது நிற்கட்டும் என்பான் சந்தியாகு. ஒருமுறை திருநாளுக்கு வெள்ளையடிக்கக் கோவில் கோபுரத்தை ஓலை கட்டி மறைத்திருந்தார்கள். அந்தப் பத்து நாளும் அவன் வெறுங்கையோடுதான் வந்தான். அவள் இரண்டையும் சேர்த்து மனதுக்குள் வைத்துக்கொண்டாள்.

ஒருநாள் இஞ்ஞாசி காய்ச்சலில் படுத்துவிட, சந்தியாகு தனியாகப் போனான். பொழுது சாய்ந்தும் வரவில்லை. விடியும்போது இஞ்ஞாசி காய்ச்சலோடு அக்காளிடம் வந்தான். "நான் போய்க் கூட்டிட்டு வாறேன்க்கா. யாரையும் கேக்காத" என்று சொல்லி, தன் பாய்மர வள்ளத்தைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனான். காற்றோ எதிர்க்காற்று. அவன் போய்ச் சேர மாலையாகிவிடும்.

ஊர் கரையில் கூடியது. இத்தனை பெரிய கடலில் எங்கே தேடுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மிக்கேலம்மாள் ஜெபமாலையைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டு கஸ்பாரிடம் போனாள்.

"அண்ணே, எங்க வீட்டுப் பனைக் கொண்டையில கோவில் சிலுவை வந்து உக்காரணும். அந்த நேர்கோட்ட விடாம தெக்க போங்க. அங்கதான் இருப்பாரு."

கஸ்பார் உடனே போனான். உச்சிவெயிலில் கண்டுபிடித்துவிட்டான். வள்ளம் கவிழ்ந்திருந்தது. நங்கூரம் பாறையில் மாட்டியிருந்ததால் அடித்துக்கொண்டு போகவில்லை. அதன் முதுகில் சந்தியாகு உதடு வெடித்துக் கிடந்தான். இன்னும் ஒருமணி நேரம் தாங்கியிருக்க மாட்டான். கஸ்பார் கஞ்சித்தண்ணீர் கொடுத்து, அலையில் குலுங்கினால் தாங்கமாட்டான் என்று அங்கேயே நிழல் கட்டிக் கிடத்தி, அவன் கண் திறக்கக் காத்திருந்தான். அதற்குப் பிறகுதான் இஞ்ஞாசி வந்து சேர்ந்தான். திரும்பிக் கரையைப் பார்த்தான். பனைமேல் சிலுவை இருந்தது. வழி வெளியே போய்விட்டது என்று புரிந்துகொண்டான்.

மறுநாள் காலையிலேயே கஸ்பார் தன் ஆட்களோடு அந்தப் பாரில் நின்றான். கேட்டதற்கு, "ஒரு உசிரக் கொண்டாந்து சேத்தேன். ரெண்டு மீன் எடுக்கக் கூடாதா?" என்றான். அவனைப் பார்த்து ஊர் முழுக்கப் போனது. நங்கூரம் போட்டுப் போட்டுப் பவளத்தை ஒடித்தார்கள். ஆறு மாதத்தில் அங்கேயும் கூடை காயத் தொடங்கியது.

சந்தியாகு மனைவியிடம் ஒருமுறைதான் சொன்னான். "என் உசிர மீட்டுட்ட. நம்ம கஞ்சிய ஊருக்குக் குடுத்துட்ட."

அடுத்த திங்கட்கிழமை அவள் ஆள் கூட்டி வந்து பனையை வெட்டினாள். அந்தக் கரையில் மற்றதெல்லாம் குட்டை உடைமரங்கள். சிலுவை மட்டும் தனியாக நின்றது. வள்ளங்கள் சுற்றிச் சுற்றித் திரும்பின. கஸ்பாருக்கும் பார் கிடைக்கவில்லை. சந்தியாகுவுக்கும் இஞ்ஞாசிக்கும் கிடைக்கவில்லை. அவர்கள் இருவரும் பிறர் படகில் கூலி ஆளாகப் போனார்கள். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டவர்களிடம், "நான் குடுத்தத நானே திருப்பி வாங்கிக்கிட்டேன்" என்றாள்.

சத்தியத்தைக் காத்துக் காய்ச்சலோடு தனியே போனான் இஞ்ஞாசி. கணவனின் ரகசியத்தைச் சொல்லி, பிறகு மரத்தையும் வெட்டினாள் மிக்கேலம்மாள். உயிரையும் காத்து, மீனையும் எடுத்தான் கஸ்பார். இதில் யார் செய்தது சரி என்று கேட்டார் பிரகாசியம்மாள்.

இஞ்ஞாசி செய்ததுதான் சரி என்றேன் நான். கடவுள் முன் கொடுத்த வாக்கல்லவா? அவர் வலையிலிருந்து கண் எடுக்கவில்லை. "சத்தியம் பண்ணினது ரெண்டு பேரு. ஒருத்தன் தண்ணியில கிடக்கான். அவங்கிட்ட கேட்டிருந்தா அவனே தொண்டை கிழியச் சொல்லியிருப்பான். அதை அவ அவனுக்காகச் சொன்னா" என்றார். கஸ்பார் முதல் நாள் போனது சரி. உயிருக்காகத் திறந்த வழியில் மறுநாள் மீனுக்குப் போனதுதான் தப்பு என்றார். மரத்தை வெட்டியது சரியா என்று கேட்டேன். பார் பிழைத்தது, இரண்டு வீடு வாடியது, அதற்குத் தனக்கே பதில் தெரியாது என்று சொல்லிவிட்டார்.

அன்று கைப்பிள்ளையாக இருந்த என் மகன் சவேரியான் இப்போது தீவுக்கு அப்பால் தொழிலுக்குப் போகிறான். எங்கே என்று சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை. இதைப் படித்து முடித்ததும் அவன் பேரைச் சொல்லி ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லுங்கள்.