மழையில் வளரும் ரயில் நிலையம்

நகரத்துப் பெரிய ரயில் நிலையத்தில் அன்று மதியம் ஒரே சண்டை. சண்டை போட்டது மனிதர்கள் இல்லை, விலங்குகள். வண்டி எதுவும் வராத நேரமாகப் பார்த்துத் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே எல்லாம் கூடிவிட்டன.

நிலையத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்களாம். இடிக்கலாமா, கூடாதா? இதுதான் பேச்சு. விலங்குகளைக் கேட்டுக்கொண்டா இடிக்கப்போகிறார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். நம்மை மட்டும் யார் கேட்கிறார்கள்? அதற்காக நாம் பேசாமலா இருக்கிறோம்?

“இடிக்கட்டும்!” என்று குதித்தது கோணையன் என்ற குரங்கு. “புதுசுல படிக்கட்டே தானா நடக்குமாம். நான் உட்கார்ந்த இடத்துலயே மேலே போவேன்!”

“நீ போவே. நான் எங்கே போறது?” என்று சீறியது மாடத்தி என்ற புறா. “கூரை பூரா கண்ணாடியாம். அதுல நான் முட்டை போட்டா என்ன ஆகும்?”

“அடிக்கிற வெயிலுக்கு ஆம்லெட் ஆகும்!”

மாடத்தி பறந்து வந்து குரங்கின் தலையில் ஒரு கொத்து கொத்தியது. கூட்டம் இரண்டாகப் பிரிந்து கத்தியது. யார் என்ன சொன்னார்கள் என்று யாருக்கும் கேட்கவில்லை. ஆனாலும் எல்லோரும் பதில் சொன்னார்கள்.

செவலை நாய் மட்டும் பேசாமல் இருந்தது. அது குட்டி போட்டு இன்னும் மாதம் ஆகவில்லை. முதல் நடைமேடை டீக்கடைக்கு அடியில்தான் குடியிருப்பு. மேலே அடுப்பு எரிவதால் கதகதப்பு, சுற்றிலும் பலகை இருப்பதால் சாரல் படாது. கடைசியில் அதுவும் பொறுக்கமுடியாமல் எழுந்தது.

“இடிச்சா இடிங்க, இடிக்காட்டி போங்க! மழைக்காலம் வருது. என் குட்டிங்களுக்கு நனையாத இடம் ஒண்ணு வேணும். அதை யாராவது சொல்லுங்களேன்!”

கூட்டம் மறுபடியும் கத்த ஆரம்பித்தது. சாக்கடை ஓரத்திலிருந்து இரண்டு கண்கள் மட்டும் செவலையையே பார்த்தன. அவை தாண்டவராயன் என்ற பெருச்சாளியின் கண்கள். டீக்கடைக்கு அடியில் என்னென்ன விழும் தெரியுமா? வடைத்தூள், பன்னு ஓரம், சில நாள் முழு வாழைப்பழமே விழும். அந்த இடத்தின் மேல் தாண்டவராயனுக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண்.

கூட்டம் கலைந்ததும் அது நேரே வெள்ளச்சியிடம் போனது. வெள்ளச்சி வயதான வெள்ளாடு. நிலையத்துச் சுவரில் எந்தப் போஸ்டரை ஒட்டினாலும் தின்றுவிடும். அதனால் அதற்குத் தெரியாத செய்தி கிடையாது.

“அக்கா, நெசமாவே இடிப்பாங்களா?”

“நான் குட்டியா இருந்தப்பவே ‘விரைவில் புதிய நிலையம்’னு ஒட்டினாங்க. தின்னேன். நான் முதல் குட்டி போட்டப்ப ஒட்டினாங்க. அதையும் தின்னேன். போன தேர்தலுக்கு ஒட்டினது இருக்கே, மைதாப் பசை, அடடா! ஆனா ஒரு செங்கல்லைக்கூட எவனும் தொடலை. இந்தத் தடவை மட்டும்...”

வெள்ளச்சிக்கு அசைபோடாமல் பேச வராது. அது இரண்டு வாய் அசைபோட்டு நிமிர்ந்து பார்த்தபோது தாண்டவராயனைக் காணோம்.

“அட, முழுசாக் கேட்டுட்டுத்தான் போயேன்டா!” என்று கத்தியது. வால் மட்டும் சாக்கடைக்குள் மறைந்தது. தாண்டவராயனுக்குத் தேவையானது கிடைத்துவிட்டது. இடிக்கப்போவதில்லை! அப்புறம் என்ன?

நிலையத்தின் நடுக்கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்திருந்தார்கள். கட்டப்போகிற நிலையத்தின் சின்ன மாதிரி அதற்குள் இருந்தது. விரல் நீள ரயில், பஞ்சில் செய்த மரம், நகத்தளவு மனிதர்கள், நடுவில் ஒரு வெள்ளைக் கோபுரம். பெட்டியின் அடிப்பலகை தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் கட்டைகள் மேல் இருந்தது. தாண்டவராயன் அந்தப் பலகையை அடியிலிருந்து கடித்து ஒரு ஓட்டை போட்டது.

மறுநாள் மதியம் எல்லோரையும் அங்கே வரவழைத்தது.

“எல்லாரும் பார்த்துக்குங்க, இதுதான் புது நிலையம்!”

“ஏண்டா, இதுக்குள்ள என் வால்கூட நுழையாதே!” என்றது கோணையன்.

“இப்ப நுழையாது. இப்பத்தானே நட்டிருக்காங்க! ஆலமரத்தை ஆலமரமாவா கொண்டுவந்து நடுவாங்க? கன்னாத்தானே நடுவாங்க? நாலு மழை விழட்டும், மளமளன்னு வளர்ந்துடும்.”

“சுத்தி எதுக்குக் கண்ணாடி?” என்றது மாடத்தி.

“கன்னுக்கு வேலி கட்டறதில்லையா? வெள்ளச்சி அக்கா மாதிரி ஆளுங்க நடமாடற இடமாச்சே!”

வெள்ளச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டது. மாடத்தி விடவில்லை.

“சரி, கூடத்துக்குள்ள இருக்கே. மழை எப்படி விழும்?”

“தாயே! இந்த நிலையத்துல மழை விழாத இடம் எது? ஒண்ணே ஒண்ணு சொல்லு பார்க்கலாம்!”

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பெட்டிக்கு நேர் மேலே கூரையில் பழைய ஒழுகல் கறை இருந்தது.

தாண்டவராயன் குரலைத் தாழ்த்தியது. “வெளியூர் ஆளுங்க தெரிஞ்சா ஓடி வந்துடுவாங்க. அதுக்குள்ள துண்டு போட்டுடுங்க!”

துண்டு! அந்தச் சொல்தான் வேலை செய்தது. அந்த விலங்குகள் பிறந்ததிலிருந்து பார்க்கும் காட்சி அது. வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டு பறக்கும். துண்டு விழுந்த இடம் துண்டுக்காரருக்குத்தான். முதலில் ஏறியவன்கூட நின்றுகொண்டே போகவேண்டியதுதான். அப்படிப்பட்ட துண்டை யார் சந்தேகப்படுவார்கள்?

“ஆனா ஒரு ஆளுக்கு ஒரு இடம்தான்,” என்றது தாண்டவராயன். “புதுசுல துண்டு போட்டவங்க பழசைக் காலி பண்ணிடணும். ரெண்டு சீட்டுல உட்கார்ந்தா டிடிஆர் இறக்கிவிடறதைப் பார்த்திருக்கீங்க இல்ல?”

பார்த்திருந்தார்கள். நான் நீ என்று ஓடினார்கள். கோணையன் ஒரு பயணியின் தோளிலிருந்து ஈரோட்டுத் துண்டையே உருவிக்கொண்டு வந்தது. மாடத்தி பழைய டிக்கெட் ஒன்றைக் கவ்வி வந்தது. செவலை தன் குட்டிகளுக்கு விரித்திருந்த சாக்கைக் கிழித்து ஒரு துண்டு கொண்டுவந்தது. தாண்டவராயன் எல்லாவற்றையும் ஓட்டை வழியே இழுத்துக்கொண்டுபோய்ப் பார்த்துப் பார்த்து விரித்தது.

“அண்ணே, எனக்கு சாரல் படாத மூலையாப் பார்த்துப் போடுங்க,” என்று கெஞ்சியது செவலை.

“கோபுரத்தடியிலேயே போட்டிருக்கேன் தங்கச்சி! உனக்கில்லாததா?”

செவலைக்குக் கண் கலங்கிவிட்டது. கூட வந்த கருமூக்கு என்ற குட்டியைக் கண்ணாடியோரம் நிறுத்தி, “பாருடா, நம்ம வீடு!” என்று காட்டியது. கோபுரத்தின் உச்சி கருமூக்கின் காது உயரத்துக்கு இருந்தது.

அன்றே டீக்கடையடிக்குத் தாண்டவராயன் குடிவந்துவிட்டது. கடைக்கு மேலே இருந்த மாடத்தியின் பொந்தில் மிச்சம் மீதியைப் பதுக்கியது. கோணையன் காலிசெய்த பார்சல் அறை மூலையையும் விடவில்லை. ஒரு பெருச்சாளிக்கு இத்தனை வீடு எதற்கு என்று கேட்காதீர்கள். அதன் வயிற்றைக் கேட்டால்கூடச் சொல்லத் தெரியாது.

செவலை குட்டிகளோடு நடைமேடையின் கோடியில், குழாயடியில் போய்ப் படுத்தது. அங்கே மேலே கூரை கிடையாது.

“ஏண்டி, ஓரமா ஒரு பழைய ரயில் பெட்டி கிடக்கே, நான் படுக்கிற பெட்டி. அங்கே வந்து படுத்துக்கோயேன்,” என்றது வெள்ளச்சி.

“ஐயோ அக்கா, துண்டு போட்டிருக்கேன்! வேற இடத்துல படுத்தா அது போயிடுமே!”

“அந்தத் துண்டுக்கு...” என்று ஆரம்பித்த வெள்ளச்சி, குட்டிகள் இருக்கின்றனவே என்று மீதியை மென்று விழுங்கியது.

மழை வந்தது. விட்டுவிட்டுப் பெய்தால்கூடப் பரவாயில்லை. நாள்கணக்கில் கொட்டியது. செவலை வளைந்து படுத்து முதுகையே கூரையாக்கிப் பார்த்தது. ஒன்றை மூடினால் இன்னொன்று நனைந்தது. எல்லாவற்றிலும் சின்னக் குட்டி, சோளம் என்று பெயர், பால் குடிப்பதை நிறுத்திவிட்டது. தொட்டால் சில்லென்று இருந்தது.

செவலை டீக்கடைக்கு ஓடியது.

“அண்ணே, இந்த மழை விடற மட்டும்! ஒரு குட்டியை மட்டுமாவது உள்ளே விடுங்க!”

தாண்டவராயன் வாயில் பாதி மெதுவடை இருந்தது. “விட்டுடலாம் தங்கச்சி. எனக்கென்ன? ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே! நானே மீறினா நாளைக்கு உன் இடம் போச்சுன்னா என்னைத்தானே திட்டுவே? போய்ப் பாரு, இந்நேரம் கோபுரம் வளர்ந்திருக்கும்.”

செவலை சோளத்தை வாயில் கவ்விக்கொண்டு நடுக்கூடத்துக்கு ஓடியது. கருமூக்கும் பின்னாலேயே ஓடியது. கூரை ஒழுகிக் கண்ணாடிப் பெட்டியின் மேல் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மழை போதவில்லை என்று யாரும் சொல்லமுடியாது. கருமூக்கு பழையபடி கண்ணாடியோரம் போய் நின்றது.

கோபுரத்தின் உச்சி கருமூக்கின் நெஞ்சு உயரத்தில் இருந்தது.

“என்னடா இது, நிலையம் சின்னதாயிடுச்சு?” என்று பதறியது செவலை. அப்புறம்தான் குட்டியை ஒருமுறை நன்றாகப் பார்த்தது. காலை நீட்டி, கழுத்தை நீட்டி நின்றது கருமூக்கு. “நிலையம் சின்னதாகலை. நீதான்டா வளர்ந்திருக்கே! நீ வளர்ந்துட்டே. இது அப்படியே நிக்குது! அடப்பாவி, என்னை ஏமாத்திட்டானே!”

அழ நேரமில்லை. செவலை குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வெள்ளச்சியின் பழைய பெட்டிக்கு ஓடியது. வெள்ளச்சி ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. சோளத்தைத் தன் வயிற்றுக்கடியில் இழுத்துப் படுத்துக்கொண்டது. மழை விடுவதற்குள் சோளம் பால் கேட்டு முனகியது. செவலைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“அவன்கிட்ட அன்னிக்கே சொல்ல வந்தேன்,” என்றது வெள்ளச்சி. “இந்தத் தடவை போஸ்டர் காகிதம் இல்லடி, தகரம்! கடிச்சுப் பார்த்தேன், பல்லுதான் போச்சு. தகரத்துல அடிச்சிருக்காங்கன்னா கட்டாயம் இடிச்சிடுவாங்க. முழுசாக் கேட்டாத்தானே அந்தப் பய!”

மறுநாள் செவலை, கோணையன், மாடத்தி மூவரும் நியாயம் கேட்க டீக்கடைக்குப் போனார்கள்.

“எங்க வீட்டைக் குடு!” என்றது கோணையன்.

“துண்டு போட்டுட்டு அப்புறம் பேச்சு மாறினா எப்படி?” என்று உள்ளேயிருந்தே ஏப்பம் விட்டது தாண்டவராயன். டீக்கடைக்காரர் விடியும்போதே பாய்லரையும் அடுப்பையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். வடை தின்ற மயக்கத்தில் அது கவனிக்கவில்லை.

தடதடவென்று தரை அதிர்ந்தது. மஞ்சள் இயந்திரம் ஒன்று நடைமேடைக்குள் வந்து இரும்புக் கையைத் தூக்கியது. மூவரும் ஒரே பாய்ச்சலில் விலகினார்கள். கை இறங்கியது. டீக்கடை சப்பையாகிவிட்டது. வடை ஒரு பக்கம், பன்னு ஒரு பக்கம், நடுவில் சுண்ணாம்பு பூசினதுபோல வெள்ளை வெளேரென்று தாண்டவராயன்!

அது பொந்துக்கு ஓடியது. பொந்து இருந்த சுவரைக் காணோம். பார்சல் அறைக்கு ஓடியது. அங்கே கூரை தரையில் கிடந்தது. திரும்பி வந்து செவலையின் காலில் விழுந்தது.

“தங்கச்சி! அந்தப் பழைய பெட்டியில ஒரே ஒரு ஓரம்!”

செவலைக்குச் சோளத்தின் சில்லிட்ட உடம்பு ஞாபகம் வந்தது. “விட்டுடலாம் அண்ணே. எனக்கென்ன? ஆனா ஒரு ஆளுக்கு ஒரு இடம்தானே! உங்களுக்குத்தான் கோபுரத்தோட ஒரு நிலையமே இருக்கே!”

“எங்க துண்டெல்லாம் நீயே வச்சுக்கோ!” என்று கைதட்டியது கோணையன்.

இயந்திரம் அவர்கள் பக்கம் திரும்பியது. தாண்டவராயனுக்கு வேறு வழி தெரியவில்லை. நடுக்கூடத்துக்கு ஓடி, பலகை ஓட்டை வழியே கண்ணாடிப் பெட்டிக்குள் நுழைந்து, ஈரோட்டுத் துண்டைப் போர்த்திக்கொண்டு கோபுரத்துக்குப் பின்னால் பதுங்கியது.

கொஞ்ச நேரத்தில் இரண்டு ஆட்கள் வந்தார்கள். எதிர் மைதானத்தில் அடிக்கல் விழா. பெட்டியை மேடைக்குக் கொண்டுபோக வேண்டும்.

“அடியில எலி கடிச்சிருக்குப்பா,” என்றார் ஒருவர். ஓட்டையின் மேல் ஒரு பலகையை வைத்து ஆணி அடித்துவிட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மேடையில் பெரிய மனிதர் ஒருவர் பட்டுத்திரையை இழுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். கோபுரத்துக்குப் பின்னாலிருந்து, தலையில் துண்டோடு, வெள்ளை மீசையோடு தாண்டவராயன் எட்டிப் பார்த்தது.

“அம்மா! முதல் பயணி வந்துட்டார்!” என்று ஒரு குழந்தை கத்தியது. மைதானமே சிரித்தது. பெரிய மனிதர்கள் எதையும் பார்க்காததுபோலத் திரையை இழுத்து மூடி, அடுத்த ஊரில் கண்காட்சிக்கு வைக்கவேண்டும் என்று பெட்டியை அப்படியே லாரியில் ஏற்றச் சொன்னார்கள்.

பழைய ரயில் பெட்டியின் மேல் நின்று விலங்குகள் லாரியைப் பார்த்தன. கோணையன் இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தியது. “அண்ணே! வளர்ந்ததும் சொல்லி அனுப்புங்க!”

அடுத்தவர் வீட்டைப் பறிக்க எவன் இல்லாத வீட்டைக் காட்டுகிறானோ, கடைசியில் அவனுக்கு அந்த இல்லாத வீடுதான் மிஞ்சும்.