பூனைக்காலியை மொத்தமா வாங்கினவன்

மொச்சைக் கூடையை நடுவுல வைங்க. ஆளுக்கு ரெண்டு கை அள்ளி உரிங்க. கதை கேக்கணும்னா காது மட்டும் போதாது, கையும் ஓடணும். கை நின்னா கதையும் நின்னுடும், இப்பவே சொல்லிட்டேன்.

ஒரு ஊர்ல, எந்த ஊர்லன்னா மலைக்கு மேல, மஞ்சு வந்து குந்திக்கிட்டா மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்காத மஞ்சுக்குட்டைங்கிற ஊர்ல, பொம்மின்னு ஒருத்தி இருந்தாளாம். அவ புருசன் பேரு கெம்பன். தங்கமான மனுசன், ஆனா வாய்க்குக் கதவு கிடையாது. மனசுல இருக்கிறது நாக்குல வந்து நிக்கும், நாக்குல நின்னது ஊர்ல போய் நிக்கும். அவங்களுக்கு மூணு மாசத்துல ஒரு பொம்பளப்புள்ள. மல்லின்னு ஒரு வெள்ளாடு. பொம்மிக்குப் பால் பத்தல, அதனால பாதி வயிறு அம்மா பால், பாதி வயிறு மல்லி பால்னு அந்தப் புள்ள வளந்துச்சு.

அந்த ஊர்ல மார்கழி பொறந்தா ஒரு வழக்கம். வீட்டுக்கு வீடு நெருப்பு மூட்டிக் குளிர் காய மாட்டாங்க. அத்தனை விறகுக்கு எங்க போறது? களத்துல ஒரே நெருப்பு. விடிஞ்சதும் வீட்டுக்கு ஒரு கட்டை கொண்டாந்து போட்டுட்டு எல்லாரும் சுத்தி உக்காருவாங்க. சும்மா உக்கார முடியாது. கட்டை போட்டவங்க மூணு கேள்விக்குப் பதில் சொல்லணும்.

"வீட்ல என்ன சேதி? நேத்து என்ன வேலை? என்ன செலவு?"

ஒருத்தர் மாடு கன்னு போட்டுச்சும்பார். ஒருத்தி ராகி அடிச்சேன், இடுப்பு போச்சும்பா. இன்னொருத்தர் புள்ளைக்குச் சளி, மிளகு வாங்கினேன், அதான் செலவும்பார். இப்படி ஒரு வீட்டுக் கஷ்டம் இன்னொரு வீட்டுக்குத் தெரிஞ்சுடும். தெரிஞ்சா, இருக்கிறவங்க இல்லாதவங்களுக்கு ஒரு படி அளந்துட்டுப் போவாங்க. கேள்வியே அதுக்குத்தான். அங்க பொய் மட்டும் சொல்லக்கூடாது. சொன்னா நெருப்போட புகை நேரா பொய் சொன்னவன் மூஞ்சிக்குத்தான் போகும்னு நம்பிக்கை.

நிஜமாவான்னு என்னைக் கேக்காதே. நேத்து அடுப்படியில உக்காந்து "வெல்லத்தை நான் எடுக்கல"ன்னியே, அப்ப யார் கண்ணு எரிஞ்சுது? ம், உரி உரி.

அந்த ஊர்ல மாதேசன்னு ஒரு கடைக்காரன். கீழ்நாட்டுலேர்ந்து வந்து கடை வச்சவன். அவனும் தெனமும் களத்துக்கு வருவான், சுண்டுவிரல் மொத்தத்துல ஒரு சுள்ளியோட. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு விரலை எச்சில் பண்ணிப் பாத்து, காத்துக்கு முதுகு காட்டி உக்காருவான். அப்புறம் எப்படிப் புகை வரும்?

"மாதேசண்ணா, வீட்ல என்ன சேதி?"

"ஒண்ணுமில்ல."

"நேத்து என்ன வேலை?"

"ஒண்ணுமில்ல."

"என்ன செலவு?"

"ஒண்ணுமே இல்லம்மா!"

வாய்தான் இப்படி. காது ரெண்டும் முறம் மாதிரி விரிஞ்சிருக்கும். ஒருநாள் ஒரு தாத்தா, "வீட்ல உப்பு தீந்துபோச்சு, உப்புக்காரன் நாளைக்கு வருவான்"னாரு. அவ்வளவுதான், மாதேசன் முன்னாடியே ஓடி, மலையடிவாரத்துலயே உப்புக்காரனை மடக்கி, ஒரு கல்லு விடாம மொத்தமா வாங்கிட்டான். அப்புறம் ஊரே அவன்கிட்ட ஒரு படி உப்புக்கு மூணு படி ராகி கொடுத்துச்சு. இன்னொரு நாள் ஒரு அம்மா, "விளக்குக்கு எண்ணெய் இல்ல, செக்குக்காரர் வரட்டும்"னாங்க. அதையும் ஓடிப்போய் மொத்தமா வாங்கிட்டான். மூணாவது நாள் நம்ம கெம்பன், கேட்டதுக்கும் கேக்காததுக்கும் சேத்து, "எங்க கம்பளி கிழிஞ்சு சல்லடையாப் போச்சு. ஊர்ல பாதிப்பேருக்கு அப்படித்தான். கம்பளிக்காரர் வெள்ளிக்கிழமை கழுதையோட வராராம்"னு சொல்லிட்டான்.

வெள்ளிக்கிழமை கழுதை மட்டும்தான் வந்துச்சு. முதுகுல ஒண்ணுமில்ல.

உப்பும் போச்சு, எண்ணெயும் போச்சு, கம்பளியும் போச்சு. அந்த வருசம் பனியோ, குடத்துத் தண்ணியில கை வச்சா விரல் இருக்கா இல்லையான்னு எண்ணிப் பாக்கணும். புள்ளைக்கு மூக்கடைச்சு, மூச்சு கர்ருபுர்ருன்னுச்சு. பொம்மி தன் சேலையில ரெண்டை மடிச்சுப் போத்தினா, பத்தல. புள்ளையைத் தூக்கிக்கிட்டுக் கடைக்குப் போனா.

"அண்ணா, புள்ளைக்கு ஒரு கம்பளி வேணும். தை பொறந்ததும் அவரைக்காய் குடுக்கிறேன்."

"அவரைக்காய் எனக்கெதுக்கு? உன் மல்லியைக் குடு."

"ஆட்டைக் குடுத்தா புள்ளை எதைக் குடிக்கும்?"

"கம்பளி இல்லாட்டி எதைப் போத்தும்? நீயே யோசி. இன்னிக்கு ஆடு. நாளைக்குக் கேட்டா ஆடும் கோழியும். மறுநாள் கேட்டா..."

"போதும்ணா. மூணாம் நாள் காலையில மல்லியோட களத்துக்கு வரேன்"னு சொல்லிட்டு பொம்மி திரும்பிட்டா.

வீட்டுக்கு வந்ததும் கெம்பன் தலையில அடிச்சுக்கிட்டான். "எல்லாம் என் வாயால வந்துச்சு பொம்மி. இந்த வாயைத் தச்சுடேன்!"

பொம்மி சிரிச்சா. "தைக்கிறதாவது? இப்ப எனக்கு அந்த வாய்தான்யா வேணும்."

"பொய் சொல்லணுமா? எனக்கு வராதே!"

"ஒரு பொய்யும் வேண்டாம். நான் செய்யறதை எல்லாம் பாரு. பாத்ததை எல்லாம் நாளைக்குக் களத்துல சொல்லு."

அப்புறம் அவ ஓடைக்குப் போய்த் துணி துவைச்சுக்கிட்டிருந்த பொம்பளைங்ககிட்ட காதுல ஏதோ சொன்னா. அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. அப்புறம் அரிவாளும் சாக்கும் எடுத்துக்கிட்டு மேற்கால காட்டுக்குப் போனாங்க. எதுக்கு? பூனைக்காலிக் காய் அறுக்க.

பூனைக்காலி தெரியுமில்ல? காய் மேல பொன்னு மாதிரி மினுமினுன்னு, பூனைமுடியாட்டம் சுணை இருக்கும். அழகா இருக்கேன்னு தொட்டீங்க, தீந்துச்சு. சொறிஞ்சு சொறிஞ்சு தோலே மிஞ்சாது. அதனால காட்டுக்குப் போறவங்க கையில சாணியைப் பூசிக்கிட்டு, காயை அறுத்து ஈரச் சாக்குல போட்டுக் கட்டிடுவாங்க. சாக்கு ஈரமா இருக்கிற வரைக்கும் சுணை பறக்காது. உள்ளே இருக்கிற விதையை எடுத்து ஏழு தண்ணி மாத்தி வேகவச்சா, பஞ்ச காலத்துல பசிக்கு ஆகும்.

மறுநாள் காலையில களத்துல கெம்பன் கட்டையைப் போட்டுட்டு ஆரம்பிச்சான்.

"வீட்ல சேதி, புள்ளைக்கு மூக்கடைப்பு. வேலை, பொம்பளைங்க எல்லாரும் பூனைக்காலி அறுத்தாங்க. இன்னிக்கும் போறாங்க. மூட்டை மூட்டையா வருது. செலவு, அரிவாள் தீட்டினது."

மாதேசன் முறக்காது ரெண்டும் நிமிந்துச்சு. "பூனைக்காலியா? அது என்னத்துக்கு?"

"விதையை வேகவச்சுத் திங்கலாம்ணா. ஆனா காயைத் தொடக்கூடாது. பயங்கரமா அரிக்கும்."

புகை யார் பக்கமும் போகாம நேரா மேல போச்சு. ஆனா மாதேசனுக்குப் புகை மேல எங்க நம்பிக்கை? தான் கள்ளன் பிறரை நம்பான். அவன் மனசுக்குள்ள, "ஊரே ஒண்ணாக் கிளம்பிப் போகுதுன்னா சும்மாவா? அரிக்குமாம்ல! யாரும் கிட்ட வரக்கூடாதுன்னு கட்டிவிட்ட கதை"ன்னு நெனச்சுக்கிட்டு, ஒரு உப்பு மூட்டையையும் எண்ணெய்க் குடத்தையும் தலைக்கும் இடுப்புக்குமா தூக்கிக்கிட்டுக் காட்டுப் பாதையில போய் நின்னுட்டான்.

காய் அறுக்கப் போனவங்கள்ல முதல்ல ரங்கி வந்தா, தலையில ஈரச் சாக்கு.

"ரங்கி, மூட்டையைக் குடு. ரெண்டு படி உப்பு தரேன்."

"வேணாம்ணா, அரிக்கும்."

"அரிச்சா நான் சொறிஞ்சுக்கிறேன், குடு!"

ரெண்டாவதா மாராயி வந்தா.

"மாராயி, மூட்டைக்கு ரெண்டு படி எண்ணெய்."

"ஐயோ அண்ணா, அரிக்குமே!"

"என் தோலு, என் அரிப்பு. எறக்கு!"

இப்படியே மறுநாளும் நின்னான். ஒவ்வொருத்தியும் அரிக்கும் அரிக்கும்னு சொல்லச் சொல்ல, அவனுக்கு ஆசைதான் ஏறுச்சு. கடைசியா பொம்மி வந்தா.

"பொம்மி, உன் மூட்டை?"

"அண்ணா, என் புள்ளை மேல சத்தியமாச் சொல்றேன். இதைப் பிரிக்காதீங்க. உங்களால தாங்க முடியாது. நான் விக்கவே மாட்டேன்."

விக்க மாட்டேன்னாளா? அப்ப அதுலதான் விசேசமே இருக்குன்னு அவன் முடிவு பண்ணிட்டான். மிச்சமிருந்த உப்பு முழுக்க, மிச்சமிருந்த எண்ணெய் முழுக்க அவ காலடியில எறக்கி வச்சான்.

"இப்ப?"

பொம்மி பெருமூச்சு விட்டா. "மூணு தடவை சொல்லணும்பாங்க. முப்பது தடவை சொல்லியாச்சு. உங்க இஷ்டம்ணா."

மூட்டை எல்லாத்தையும் மாதேசன் எங்க அடுக்கினான் தெரியுமா? கடைக்குப் பின்னாடி, கம்பளி அடுக்கியிருந்த அறையில! களவு போகாம இருக்கணுமாம். சாக்கு காயட்டும்னு ஓரத்துல கணப்புச் சட்டி வேற வச்சான். சாக்கு நல்லா மொறமொறன்னு காஞ்சுச்சு. மூணாம் நாள் விடியக்காலையில, அப்படி என்னதான் இருக்கு பாப்போம்னு கதவைச் சாத்திக்கிட்டு, ஒரு மூட்டையைப் பிரிச்சு, தலைகீழாக் கவுத்து, நல்லா உதறினான்.

பொன்னு மாதிரி சுணை புஸ்ஸுன்னு பறந்துச்சு.

முதல்ல மூக்கு. அப்புறம் கழுத்து. அப்புறம் முதுகு. சட்டையைக் கழட்டி வீசினான். சட்டையைக் கழட்டினதும் குளிர் வெடவெடன்னு வந்துச்சு. குளிர் வந்ததும் ஒரு கம்பளியை இழுத்துப் போத்தினான். கம்பளி முழுக்க என்ன?

"சுணை!"

ஆமா, சுணை! அதைத் தூக்கிப் போட்டுட்டு இன்னொண்ணை இழுத்தான். அதுலயும் சுணை. மூணாவதை இழுத்தான், அதுலயும் சுணை. கையில கிடைச்ச ஒரு தடியை எடுத்து முதுகைச் சொறிஞ்சுக்கிட்டே, "ஐயோ! அம்மோவ்!"னு குதிச்சுக் குதிச்சு ஓடினான். எங்க? களத்துக்குத்தான். அங்க ஊரே உக்காந்திருக்கு, பொம்மி சொன்ன மாதிரியே மல்லியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. வாசல் தெளிச்சுக் கோலம் போட்ட பொண்ணுங்க, சாணிக் கூடையும் பூசணிப்பூவுமா வேடிக்கை பாக்க வந்துட்டாங்க.

"பொம்மி! இதுக்கு மருந்து என்ன, சீக்கிரம் சொல்லு!"

"மருந்து இந்தக் கூடையிலதான் இருக்கு. பச்சைச் சாணியைப் பூசிக் காயவிட்டா சுணை அதோட வந்துடும். ஆனா களத்துக்கு வந்தா ஒரு வழக்கம் இருக்கேண்ணா. கட்டை எங்க?"

கையில இருந்தது முதுகு சொறியற தடி ஒண்ணுதான். அதைப் போட்டுட்டா எதால சொறியறது? ஆனா வேற வழி? அழுதுக்கிட்டே நெருப்புல போட்டான்.

கெம்பன் சந்தோசமாக் கேட்டான். "வீட்ல என்ன சேதி மாதேசண்ணா?"

"அரிக்குது!"

"நேத்து என்ன வேலை?"

"நீங்க எல்லாரும் வேண்டாம் வேண்டாம்னீங்க, கேக்காம பூனைக்காலி வாங்கினேன்!"

"என்ன செலவு?"

"உப்பு போச்சு, எண்ணெய் போச்சு..."

"கம்பளி?" பொம்மி மெதுவாக் கேட்டா.

"கம்பளியா! அந்தப் பேரையே எடுக்காதே தாயி! ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போங்க. என் கண்ணுல படாம எடுத்துக்கிட்டுப் போங்க!"

"அப்ப மல்லி?"

"உன் மல்லி உன்கிட்டயே இருக்கட்டும்! சாணியைப் பூசுங்கடி!"

அத்தனை நாள்ல முதல் தடவையா அவன் நிஜம் சொன்னான். காத்து எந்தப் பக்கம்னு பாக்கக்கூட இல்ல. புகை நேரா வானத்துக்குப் போச்சு.

அப்புறமென்ன, உச்சந்தலையிலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும் அவனுக்குச் சாணி பூசினாங்க. அந்தப் பனியில சாணிக் குளிர்ச்சி எப்படி இருந்திருக்கும்! பல்லைக் கடிச்சுக்கிட்டு, பச்சைப் பசேல்னு, கையைக் கட்டி அசையாம உக்காந்திருந்தான். ஒரு சின்னப்பொண்ணு வந்து பாத்துச்சு. மார்கழியில சாணி உருண்டையைப் பாத்தா அதுக்கு என்ன தெரியும்? கையில இருந்த பூசணிப்பூவை அவன் உச்சியில குத்தி வச்சு, கும்பிட்டுட்டுப் போயிடுச்சு.

ஊரு சிரிச்ச சிரிப்புல மஞ்சு கலைஞ்சு வெயிலே வந்துடுச்சாம்.

மல்லி என்ன பண்ணுச்சு? மெதுவா நடந்து போய், மாதேசன் தலையில இருந்த பூவை மெனக்கெட்டு மென்னு தின்னுட்டு, "ம்மே"ன்னுச்சு.

கம்பளி எல்லாத்தையும் மூங்கில் கழியால தூக்கிட்டு வந்து, ஓடையில சாணித்தண்ணி விட்டு ஊறவச்சு, சாம்பல் போட்டு அடிச்சுத் துவைச்சு, மூணு நாள் வெயில்ல காயப்போட்டாங்க. இனி தனக்கும் ஒண்ணு வருதேன்னு, அந்த மூணு நாளும் ரங்கி தன் வீட்ல இருந்த ஒரே கம்பளியைப் புள்ளைக்குக் குடுத்தா. நாலாம் நாள் பொம்மி புள்ளை தன் சொந்தக் கம்பளியில சுருண்டு, மூக்கடைப்பு விட்டு, வாயோரம் மல்லி பால் வழியத் தூங்குச்சு. மிஞ்சின ஒரு கம்பளியை மாதேசனுக்கே குடுத்தாங்க. அவனுக்கும் குளிரும்ல? அவன் அதைப் போத்தறதுக்கு முன்னாடி ஏழு தடவை மோந்து பாத்தானாம்.

மறுநாள் களத்துக்கு அவன் தொடை மொத்தத்துல ஒரு கட்டையைத் தூக்கிட்டு வந்து, வீட்ல இது சேதி, இது வேலை, இது செலவுன்னு ஒண்ணு விடாமச் சொன்னான். காத்துக்கு முதுகு காட்டியும் உக்காரல.

அடுத்தவங்க கஷ்டத்தைக் காதால கேட்டா, கையால குடுக்கணும் கண்ணுங்களா. அதை வச்சு லாபம் பாக்க நெனச்சா, சுணை எங்கிருந்தாவது பறந்து வரும்.

கதையும் தீந்துச்சு, கூடையும் தீந்துச்சு. பருப்பு நம்ம குழம்புக்கு, தோலு நம்ம ஆட்டுக்கு. அது சரி, இங்க யாரோ உரிச்ச பச்சை மொச்சையை வாயில போட்டுக்கிட்டிருந்தாங்களே, யாரு அது? அடுப்புக்கிட்ட வா, புகை யார் பக்கம் போகுதுன்னு பாக்கலாம்.