சிங்காரவேலு கேட்டு வாங்கிய மூன்றாவது ஊசி

மழைமேகத்தைக் கண்ட மகிழ்ச்சியில்தான் மயில் ஆடுகிறது என்று கற்றோரும் கல்லாதோரும் நம்பி வருகிறார்கள். உலக நன்மையை முன்னிட்டு இதைத் திருத்தியாக வேண்டும். மயில் ஆடுவது பெண்மயில்கள் பார்ப்பதற்காக. மேகம் தற்செயலாக வந்து பெயரைத் தட்டிக்கொண்டு போகிறது.

ஒரு காட்டுக் குளக்கரையில் சிங்காரவேலு என்றொரு மயில் இருந்தது. அதன் தோகைக்கு ஈடு அந்தக் காட்டில் இல்லை. அதன் பொறாமைக்கும் இல்லை. கொக்குக்குக் கால் நீளமாக இருக்கிறதே என்று ஒருநாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்த மயில் அது.

அந்த ஆண்டு காட்டில் இருமல் காய்ச்சல் பரவியது. டாக்டர் முள்ளம்பன்றி எல்லோருக்கும் இரண்டிரண்டு தடுப்பூசி போட்டு வந்தாள். சிங்காரவேலுவும் இரண்டையும் போட்டுக்கொண்டு நலமாக இருந்தது. முதல் மழையன்று ஆடி, மூன்று பெண்மயில்களின் மனத்தையும் கவர்ந்துவிட வேண்டும். அதற்கு அந்த ஒரே கவலைதான்.

ஒரு காலை, அந்த மூன்று பெண்மயில்களும் இரண்டாவது ஊசிக்கு வரிசையில் நின்றன. அவற்றுக்கு முன்னால் முயல் ஊசி போட்டுக்கொண்டிருந்தது. அதற்கு அது மூன்றாவது!

அந்தப் பக்கமாக வந்த சிங்காரவேலு பொறாமை தாங்காமல் டாக்டரிடம் ஓடியது.

“என்ன டாக்டரம்மா, முயலுக்கு மட்டும் தனிக் கவனிப்பா?”

“அவளுக்குச் சிறுநீரகக் கோளாறு. முதல் இரண்டு ஊசியும் உடம்பில் சரியாகப் பிடிக்கவில்லை. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் இந்தக் கூடுதல் ஊசி.”

“எனக்கும் ஒன்று போடுங்களேன்!”

“உங்களுக்குத்தான் நன்றாகப் பிடித்திருக்கிறதே! நாள் போகப்போக அந்தப் பலன் மங்கும். அப்போது அதைத் தட்டி எழுப்ப ஒரு பூஸ்டர் போடுவேன். பனிக்காலம் வரட்டும்.”

“அவளுக்குப் போட்டது மலையிலிருந்து வந்த மருந்து! எங்களுக்கெல்லாம் இந்தக் குளத்தங்கரையில் செய்த மருந்துதானே போட்டீர்கள்?”

“குளத்து மருந்து தீர்ந்துவிட்டது ஐயா. இந்த இரண்டையும் மாற்றிப் போடலாம். இரண்டுமே அதே நோயைத்தான் உடம்புக்கு அடையாளம் காட்டும்.”

முயல் திரும்பிப் பார்த்தது. “அண்ணே, ஊசி வேணும்னா சொல்லுங்க. கூடவே என் சிறுநீரகத்தையும் எடுத்துக்குங்க!”

சிங்காரவேலுவுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. முயலுக்கு மூன்று, தனக்கு இரண்டு! அது தோகையைத் தொங்கவிட்டது. லொக்கு லொக்கென்று இருமியது.

“டாக்டரம்மா, வெளியே சொன்னால் வெட்கம். என் உடம்பும் அப்படித்தான்...”

“கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள். எனக்குக் காது மந்தம்.”

“என் உடம்பில் தெம்பே இல்லை! நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறது! எந்த மருந்தும் பிடிப்பதில்லை! இந்தத் தோகையெல்லாம் வெளிப்பகட்டு!”

“அடடா! எத்தனை நாளாக?”

“பிறந்ததிலிருந்து!”

முள்ளம்பன்றி இரக்கப்பட்டு மலை மருந்தைப் போட்டாள். சிங்காரவேலு முயலைப் பார்த்துக் கழுத்தை நிமிர்த்தியது.

வரிசையில் ஒரு பெண்மயில் மற்றொன்றின் பக்கம் சாய்ந்தது. “கேட்டியாடி? பிறவிக் கோளாறாம்!”

“நல்லவேளை, இப்பவே தெரிஞ்சுது!”

சில நாளில் மழை வந்தது. சிங்காரவேலு தோகையை விரித்து, காடே அதிர ஆடியது. பெண்மயில்கள் மூன்றும் மரத்தை விட்டு இறங்கவில்லை.

“நான் அன்றைக்குச் சும்மா சொன்னேன்! எனக்கு ஒன்றுமே இல்லை!” என்று மயில் கத்தியது.

மூத்த பெண்மயில் பரிவோடு குனிந்து பார்த்தது. “உடம்புக்கு முடியாதவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. மழையில நனையாதீங்க, உள்ளே போங்க!”

அடுத்தவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது அவருடைய குறையை ஈடுகட்டத்தான் என்று உணராமல் பொறாமைப்படுகிறவர், தமக்கு இல்லாத குறையையும் கேட்டு வாங்கிக்கொள்வார்.

பெண்மயில்கள் மூன்றும் குளத்தின் அக்கரைக்குக் குடிபோயின. அங்கே ஒரு மயில் இருந்தது, தோகை சுமார்தான்.