ஓடச் சொல்லும் தூது

“அம்மா, நான் காப்பாத்தினதெல்லாம் செத்துக் கிடக்கு.”

சமுத்திரவிஜய நயினார் இதைச் சொன்னபோது குரத்தியார் பாறைத் தரையில் உட்கார்ந்து, சிற்றுயிர் மிதிபடாமல் வழியை நீவித் துடைக்கும் தம் மயிற்பீலியின் இறகுகளைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

அந்தச் சமண மலைப்பள்ளிக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவரை மாதாஜி என்பார்கள். நயினார் மட்டும் கல்வெட்டிலிருந்து பெண் குருவுக்கான ஒரு பழைய சொல்லை எடுத்து வந்து, மற்றவர்களிடம் பேசும்போது ‘குரத்தியார்’ என்பார். துறவு கேட்டு வந்தவரிடமும் அந்த அளவுக்குப் பெருமை மிச்சமிருந்தது.

குரத்தியாருக்கு நாற்பத்தொரு வயது. நயினாருக்கு அறுபத்து மூன்று.

“எதெல்லாம்?”

“ராத்திரியெல்லாம் கத்திட்டிருந்த சுவர்க்கோழிங்க.”

குரத்தியாரின் கை நின்றது.

மழைக்காலம் என்று விதி சொல்லும் நான்கு மாதங்கள் துறவிகள் ஊர் விட்டு ஊர் போக மாட்டார்கள். ஈரத்தில் சிற்றுயிர்கள் பெருகும், நடந்தால் மிதிபடும். விதி வடக்கே எழுதியது. நம் பக்கத்திலோ அந்த நான்கு மாதம் முடிகிற சமயத்தில்தான் மழை சரியாகப் பிடிக்கும். இதை யாரும் விதியிடம் சொல்லவில்லை.

அந்த நான்கு மாதமும் நயினாருக்குச் சோதனை. இன்றோடு அது முடிகிறது; நாளை ஆசாரியர் வருகிறார். குரத்தியார் ‘ஆகட்டும்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் தீட்சை.

அந்த வார்த்தைக்காகத்தான் அவர் வீட்டை விட்டு வந்திருந்தார். முப்பத்திரண்டு வருஷம் பூச்சிமருந்துக் கடை நடத்தியவர். இனித் தன்னால் ஓர் உயிரும் போகக் கூடாது என்பது ஒன்றே அவருக்கு மீதியிருந்த ஆசை.

“எப்படிக் காப்பாத்தினீங்க?” என்றார் குரத்தியார்.

“மண்டபத்துல, நடைபாதையில, எங்க பார்த்தாலும் எனக்குக் குடுத்த பஞ்சுக் குஞ்சத்தால தள்ளி, சுவரோரம் ஒரு பொந்துல கொண்டு விட்டேன். காஞ்ச ஓலை போட்டு வச்சேன்.”

“திரும்பி வருமே?”

“வரும். மறுபடி தள்ளுவேன். ஒரே நாள்ல ஒண்ணையே ஏழெட்டுத் தடவை.”

“ஓடுமா?”

“தலைதெறிக்க ஓடும், அம்மா. இன்னிக்குப் போய் ஓலையைத் தூக்கினேன். ஒண்ணு பாக்கியில்ல. கறுத்து, மல்லாந்து, எறும்பு இழுத்துட்டுப் போவுது.”

“உங்க கடையில அதெல்லாம் லைசென்ஸ் வாங்கி நடந்துது. இங்க லைசென்ஸ் இல்லாம நடந்திருக்கு.”

நயினாருக்குக் கண் கலங்கியது.

“அடிச்சேனா? மிதிச்சேனா? அன்போடதானே தள்ளினேன்!”

“அதுக்கு உங்க அன்பு தெரியாது. மலையாட்டம் ஒண்ணு பின்னால வருதுன்னு தெரியும். உடனே உடம்புக்குள்ள ஒரு தூது கிளம்பும். ஓடு, ஓடுன்னு.”

“ஓடினா தப்பிக்கும்.”

“என்கிட்டேர்ந்தும் உங்ககிட்டேர்ந்தும் தப்பிக்கும். அதுக்குள்ள ஒரு காவலாள் இருக்கான். கிருமி நுழைஞ்சா அடையாளம் கண்டு சத்தம் போடுறவன். தூது வந்தா அவனையே கூப்பிட்டுக் கொழுப்பைத் தூக்கச் சொல்லிடும். ஓடுற காலுக்குத் தீனி வேணுமே.”

“வேற ஆள் இல்லையா?”

“சின்ன உடம்பு, நயினாரே. அவனேதான் ரெண்டுக்கும். அவன் மூட்டை தூக்கற நேரம் வாசல் திறந்து கிடக்கும். ஒரு தடவைன்னா கொஞ்ச நேரம். நீங்க ஏழெட்டுத் தடவை கூப்பிட்டீங்க. மழை மண்ணுல கிருமிக்கு என்ன பஞ்சம்?”

நயினார் கையிலிருந்த குஞ்சத்தைப் புரட்டிப் பார்த்தார்.

“அந்தத் தூதுக்கு ஆக்டோபமைன்னு பேரு.”

பேரைக் கேட்டதும் நயினார் நிமிர்ந்தார்.

“எனக்குத் தெரியும். கம்பெனிக்காரங்க ஓட்டல்ல பிரியாணி போட்டு வகுப்பெடுத்தாங்க. நான் தயிர்சாதம். மாட்டு உண்ணிக்கு ஒரு மருந்து. அது இந்தத் தூதாட்டமே வேஷம் போட்டு உள்ள போவுமாம்.”

“நல்லா வித்துதா?”

“நல்லா வித்துது.”

“டப்பாவுல வித்ததைக் குஞ்சத்துல கட்டிட்டு மலையேறி வந்திருக்கீங்க.”

வெளியே தூறல் நின்றது. நயினார் குஞ்சத்தைத் தரையில் வைத்தார். பிறகு அதன் அடியில் ஏதாவது அகப்பட்டிருக்குமோ என்று பயந்து மறுபடி எடுத்தார்.

“உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?”

“துறவுக்கு முன்னால இதுதான் எனக்கு ஆராய்ச்சி. சுவர்க்கோழியை ஒரு டப்பாவுல விட்டு, சின்ன பிரஷ்ஷால பின்னங்காலைத் தொடுவேன். ஓடும். மறுபடி தொடுவேன். மூணு நிமிஷம். அப்புறம் ஊசியில கிருமி. சும்மா இருந்ததுங்கள்ல பாதி பிழைக்கும். ஓடினது அவ்வளவு பிழைக்காது.”

“அப்புறம்?”

“டாக்டர் பட்டம் குடுத்தாங்க. தாங்கலை. இங்க ஓடி வந்தேன். வந்ததும் கையில இதைக் குடுத்தாங்க.”

பீலியைத் தூக்கிக் காட்டினார்.

நயினாருக்குச் சிரிப்பு கிளம்பி நெஞ்சிலேயே நின்றது.

“இது மயிலிறகும்மா. மெத்துனு இருக்கும்.”

“நமக்கு.”

“மெதுவாத் தள்ளினா?”

“பதினோரு வருஷமா மெதுவாத்தான் தள்றேன்.”

“சாகலையே?”

“குறைவாச் சாகுது.”

“தெரிஞ்சுதான் நாலு மாசம் என்னைத் தள்ள விட்டீங்களா?”

“நீங்க போய் ஓலையைத் தூக்கிப் பார்ப்பீங்களான்னு தெரிய வேண்டியிருந்தது.”

“பார்க்காதவங்களும் உண்டா?”

“உண்டு. தீட்சை வாங்கிட்டு நிம்மதியா இருக்காங்க.”

“எனக்குத் தீட்சை வேணாம். நான் கீழே போறேன்.”

“போங்க.”

நயினார் மண்டப வாசல்வரை வந்தார். மலைப்படிகள் நனைந்து கிடந்தன. முதல் படியில் இரண்டு மரவட்டைகள். அடுத்ததில் சிவப்புச் சிவப்பாகத் தம்பலப்பூச்சிகள். அதற்குக் கீழே படியே தெரியவில்லை. சிறகு முளைத்த ஈசல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மொய்த்துக் கிடந்தன.

தூக்கிய காலை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

“இங்கயே நின்னுடட்டுமா?”

“நில்லுங்க. எவ்வளவு நேரம்?”

அவருக்கு முழங்கால் வலித்தது. ஒரு கொசு கழுத்தில் உட்கார்ந்து நிதானமாகக் குடித்தது. கையைத் தூக்கவில்லை.

“நாளைக்கு ஆசாரியர்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?”

“ஆகட்டும்னுதான்.”

நான்கு மாதம் காத்திருந்த வார்த்தை. கேட்டதும் அவருக்கு அழுகை முட்டியது.

“நாளான்னிக்குக் கிளம்பணும்,” என்றார் குரத்தியார். “நாலு மாசம் முடிஞ்சா ஒரே இடத்துல தங்கக் கூடாது. மழை இருந்தாலும் நடந்தாகணும்.”

“அப்ப இந்தப் பீலி எதுக்கும்மா?”

குரத்தியார் படிகளைப் பார்த்தார். ஈசல்களைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“குனியறதுக்கு.”

பீலியை அவருக்கு முன்னால் தரையில் வைத்தார். “எனக்கு நாளைக்குப் புதுசு வரும். இது உங்களுக்கு.”

நயினார் குனிந்தார்.

இறகுகளின் நிழலிலிருந்து ஒரு சுவர்க்கோழி வெளிப்பட்டு, தலைதெறிக்க ஓடியது.