ஜன்னல் இல்லாத அறையில் மூன்று தொட்டிகள்

வெகு காலத்துக்கு முன்பு, ஒரு சித்திரை மாதத்தில், மூன்று தொட்டிச் செடிகள் ஆரைநாட்டு அரசன் வெண்கோடனின் படுக்கையறைக்குப் போய்ச் சேர்ந்தன. ஒன்று மருக்கொழுந்து, ஒன்று திருநீற்றுப்பச்சை, ஒன்று செவ்வந்தி. கேட்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. எதிரியின் அம்புக்குப் பயந்து அரசன் ஜன்னலே வைக்கவில்லை.

பத்தே நாளில் செடிகள் வெளுத்துத் தலை சாய்ந்தன. தண்ணீர் ஊற்றிய தோட்டக்காரனின் கைகளை வெட்டச் சொன்னான் அரசன். வெட்டினார்கள். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலைக்குக் கொற்றி என்ற பணிப்பெண் வந்தாள்.

கொற்றிக்குத் தன் கைகள் வேண்டியிருந்தன. அரசன் கொலுமண்டபத்துக்குப் போகும் நேரம் பார்த்து, வாடத் தொடங்கிய தொட்டியை வெளியே எடுப்பாள். கொல்லை வெயிலில் வளர்ந்த வேறொரு தொட்டியை அதே இடத்தில் வைப்பாள்.

அரசன் வந்து இலையைத் தடவிப் பார்ப்பான். "என் கை பட்டால் இருட்டிலும் துளிர்க்கிறது, இல்லையா கொற்றி?"

"ஆமாம் அரசே," என்றாள் கொற்றி. அது முதல் முறை.

அண்டை நாட்டுத் தூதன் வந்தான். "இதற்கு வெயிலே காட்டுவதில்லையா?" என்று அதிசயப்பட்டான்.

"இல்லை ஐயா," என்றாள் கொற்றி. அது இரண்டாம் முறை.

ஆவணியில், வடக்கே வெட்டுக்கிளி இறங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. வயல்களில் நாற்று நின்றது. எல்லா நாற்றையும் மண்ணோடு பெயர்த்து அரண்மனைக் கூடத்தில் வைத்துக் கதவடைக்கும்படி அரசன் உத்தரவிட்டான். பயிருக்கு வெயில் வேண்டுமே என்று மந்திரி இழுத்தார். "என் அறைக்கு வந்து பாரும்," என்றான் அரசன்.

மறுநாள் கொற்றியின் தம்பி சாத்தன் கொல்லைப்புறம் வந்து நின்றான். அவன் உழவன்.

"ஏன் அக்கா, ராசா அறையில செடி நெசமாவே வெயில் இல்லாம வளருதா?"

"வளருதுடா."

"ஊர்ல ஒருத்தனும் நம்பல. ராசா நெல்லுக்குத் தாலாட்டுப் பாடப்போறார்னு சிரிக்கிறாங்க. நீ இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு, பாதி நாத்தை மலையடி ஓடைப்பக்கம் ஒளிச்சிடுறோம்."

கொற்றிக்குத் தம்பியைத் தெரியும். அவன் வாயில் எதுவும் நிற்காது. இப்போது சொன்னால் பொழுது சாய்வதற்குள் சந்தைக்குப் போகும், சந்தையிலிருந்து அரண்மனைக்கு வரும். அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

"வளருதுன்னா வளருது. நான்தானே தண்ணி ஊத்துறேன்," என்றாள். அது மூன்றாம் முறை.

"நீ சொன்னா சரி அக்கா."

சாத்தன் ஊருக்குப் போய் அதைச் சொன்னான். யாரும் ஒரு பிடி நாற்றைக்கூட ஒளிக்கவில்லை.

வெட்டுக்கிளி வந்தது, வயலில் இருந்த புல்லைத் தின்றது, போனது. மலையடி ஓடைப்பக்கம் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கூடத்தின் கதவைத் திறந்தபோது நாற்றெல்லாம் வெளுத்து, நூலாய் நீண்டு, அழுகிக் கிடந்தது. விதைநெல்லும் மீதி இல்லை.

அரசன் உழவர்களைத் தன் அறைக்கு அழைத்தான். மூன்று செடிகளும் பச்சைப்பசேலென்று நின்றன. கொற்றி சுவரோரம் நின்றாள்.

"கோளாறு என் கூடத்தில் இல்லை, உங்கள் கையில்தான்," என்றான் அரசன்.

சாத்தன் குனிந்து செவ்வந்தித் தொட்டியைத் தொட்டான். கொல்லை வெயிலின் சூடு அதில் இன்னும் ஆறவில்லை. நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். பிறகு அவள் கைகளைப் பார்த்தான்.

வாயில் எதுவும் நிற்காதவன், ஒன்றும் சொல்லாமல் வெளியே போனான்.

தன்னைக் காத்துக்கொள்ளச் சொல்லும் பொய், கடைசியில் நம்மை நம்பியவர்களின் சோற்றைத்தான் பறிக்கும்.

மறு ஆண்டு தை மாதம் ஐந்தாம் நாள், சாத்தனின் ஊரில் கடைசிக் குடும்பமும் வீட்டை விட்டுக் கிளம்பியது. அன்றும் கொற்றி தொட்டியை மாற்றி வைத்தாள்.